1.6 மில்லிமீட்டர்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. ஆரல்வாய்மொழியில் சைக்கிள் நகராமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதன் மேல் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடியுமுன் நாகர்கோவில் வடசேரியிலிருந்து கிளம்பி வெள்ளமடம், தோவாளை, ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாகக் காவல்கிணறு வரை போய்த் திரும்புவேன். ஒரு வழிக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்து மேற்கிலிருந்து கிழக்கே பாயும். முப்பந்தல் வட்டாரத்தில் சுமார் 1,500 மெகாவாட் திறனுக்குக் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். போகும்போது அந்தக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். தோவாளையில் பூமூட்டைகளை இறக்கிக்கொண்டிருப்பவர்கள், "டீச்சர் பறக்கிறாரே" என்பதுபோல் பார்ப்பார்கள். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் கை வைக்கும்.

பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறவள் என்பதால் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. காற்றின் தடை, காற்றுக்கும் நமக்கும் இடையிலான சார்பு வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. காற்றே இல்லாத நாளில் மணிக்கு 15 கிலோமீட்டரில் போனால் 15-இன் இருமடி, 225. எதிரே 25 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால் சார்பு வேகம் 40, அதன் இருமடி 1,600. அதே வேகத்துக்கு ஏழு மடங்கு விசை. காற்றைக் குறைக்க என்னால் முடியாது, ஏழு மடங்கு இட்லி சாப்பிடவும் முடியாது. மீதி இருந்தது ஒன்றுதான்: காற்றுக்குக் காட்டும் உடம்பின் பரப்பைக் குறைப்பது. அதாவது, குனிவது.

என்னுடையது நேரான ஹேண்டில்பார் கொண்ட ஹைப்ரிட் சைக்கிள். பழையது, ஊர் மாறிப் போன ஒருவரிடம் 7,500 ரூபாய்க்கு வாங்கியது. முன்னால் மூன்று, பின்னால் ஏழு என்று 21 கியர். 700×35 டயர், ரிம்மை இரண்டு பக்கமும் கட்டையால் கவ்வும் வி-பிரேக். ஹேண்டில் 62 சென்டிமீட்டர் அகலம். அதைப் பிடித்து உட்கார்ந்தால் காற்றுக்கு முன் கதவைத் திறந்து வைத்த மாதிரி. வளைந்த ஹேண்டில், அதாவது ரேஸ் சைக்கிளில் ஆட்டுக்கடாக் கொம்பு போல் கீழே சுருண்டிருக்குமே, அது வேண்டும் என்று கோட்டாற்றில் நான் வழக்கமாகப் போகும் கடை அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"நல்ல ஹேண்டிலை எதற்குக் கழற்ற வேண்டும் டீச்சர்?"

"காற்று, அண்ணாச்சி."

அவர் ஒன்றும் சொல்லாமல் பரண் மேல் ஏறி, டயர்களுக்குப் பின்னாலிருந்து துரு பிடித்த இரும்புக் கொம்பு ஒன்றை எடுத்துப் போட்டார். எந்தக் காலத்தில் யார் கழற்றி வைத்ததோ. 250 ரூபாய். துருவைத் தேய்த்துப் பார்த்தால் உள்ளே நன்றாகத்தான் இருந்தது. எடை என்னவோ எங்கள் வீட்டு உலக்கை.

ஹேண்டில் கிடைத்துவிட்டது, முக்கால்வாசி வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்று இரவே கைப்பேசியில் ஹேண்டிலைச் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெம், 60 மில்லிமீட்டர் நீளத்தில் ஒன்றை 550 ரூபாய்க்கு ஆர்டர் போட்டேன். நீளத்தில் தவறில்லை. நேர் ஹேண்டிலுக்காகச் செய்த சட்டத்தில் மேல் குழாய் நீளமாக இருக்கும். வளைந்த ஹேண்டிலோ பிரேக் பிடிக்கும் இடத்தை இன்னும் ஏழெட்டு சென்டிமீட்டர் முன்னால் கொண்டுபோகும். பழைய 100 மில்லிமீட்டர் ஸ்டெம்மையே வைத்திருந்தால் ஹேண்டிலைப் பிடிக்க நான் சைக்கிள் மேல் படுக்க வேண்டியிருக்கும். இருக்கையை முன்னுக்குத் தள்ளிச் சரிக்கட்டலாம் என்பார்கள். அது முழங்காலுக்கு ஆகாது.

வந்த ஸ்டெம்மின் வாய் 31.8 மில்லிமீட்டர். என் இரும்புக் கொம்பின் நடுப்பகுதி 25.4. "தகரத்தை வெட்டிச் சுற்றிப் போட்டு இறுக்கிவிடலாம்" என்றார் அண்ணாச்சி. சுற்றிலும் 3.2 மில்லிமீட்டர் இடைவெளிக்குத் தகரமா? இறக்கத்தில் ஹேண்டில் கையோடு சுழன்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்து, மாட்டேன் என்றேன். இரண்டாவது ஸ்டெம், 25.4 வாய், முன்னால் கழற்றி மாட்டும் மூடியுடன், 650 ரூபாய். மூடி கழலாத பழைய மாதிரியாக இருந்தால் இந்த வளைவுகளை அதற்குள் நுழைத்து எடுப்பது பெரும்பாடு. முதல் ஸ்டெம் இப்போது என் மேசையில் விடைத்தாள்கள் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

அதற்குப் பிறகுதான் புத்தி வந்து, ஆய்வகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு ஒரு வெர்னியர் அளவியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மீச்சிற்றளவு, அதாவது அதில் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவு, 0.1 மில்லிமீட்டர். "இதை வைத்து வாழ்க்கையில் என்ன செய்யப் போகிறோம் மிஸ்?" என்று ஒவ்வோர் ஆண்டும் ஏதாவதொரு பையன் கேட்பான். இத்தனை ஆண்டுகளாக என்னிடம் சரியான பதில் இருந்ததில்லை.

நேர் ஹேண்டிலில் கைப்பிடி மாட்டும் பகுதியின் விட்டம் 22.2. வளைந்த ஹேண்டிலில் 23.8. வித்தியாசம் 1.6 மில்லிமீட்டர். இந்த மாற்று வேலையில் பணம் கரைவது இந்த 1.6-இல்தான். பழைய பிரேக் லீவர், பழைய கியர் மாற்றி எதுவும் புதிய குழாயில் ஏறாது. என் சைக்கிளிலோ பிரேக் லீவரும் கியர் மாற்றியும் ஒரே உடம்பு, ஒன்றை விட்டு ஒன்றைப் பிரிக்கவே முடியாது. பணம் இருப்பவர்கள் பிரேக்கும் கியரும் ஒரே லீவரில் இருக்கும் ரேஸ் சைக்கிள் ஜோடியை வாங்கிவிடுவார்கள். சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோவில் அடிமட்டத் தொகுதிகளில் ஒன்றான கிளாரிஸில் அப்படி ஒரு ஜோடியின் விலையைப் பார்த்தேன். நான் சைக்கிள் வாங்கிய விலையைத் தாண்டியது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சட்னி அரைக்கப் போனேன்.

ஆகவே கியரைக் குறைத்தேன். பெடலோடு சுற்றும் மூன்று பல்சக்கரங்களில் எனக்கு நடுச் சக்கரம் மட்டும் போதும். வேண்டாதவற்றைக் கழற்றிவிடலாம் என்றால் மூன்றையும் சேர்த்து ரிவிட் அடித்திருந்தார்கள். செயினைப் பக்கவாட்டில் தள்ளும் முன் கியர் மாற்றியை முழுதாக எடுத்துவிட்டால் குழியில் விழும்போதெல்லாம் செயின் உள்பக்கம் கழன்றுவிடும். அதனால் மாற்றியை இருந்த இடத்திலேயே விட்டு, கம்பியை மட்டும் உருவிவிட்டு, அது உள்பக்கம் எவ்வளவு போகலாம் என்று தடுக்கும் உள்ளெல்லைத் திருகை இறுக்கி நடுச் சக்கரத்துக்கு நேராக நிறுத்தினேன். இப்போது அது செயினுக்குக் காவல்காரன். ஒரு கியர் லீவரின் செலவு மிச்சம், ஒரு கம்பியின் செலவும் மிச்சம்.

பின் கியருக்கு, கட்டைவிரலால் தள்ளும் சாதாரண லீவர் ஒன்று 350 ரூபாய்க்குக் கிடைத்தது. அதன் வளையமும் 22.2-தான். லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த தம்பி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைச் சக்கில் பிடித்தால் நசுங்கிவிடும் டீச்சர், அரத்தால் ராவிக்கொள்ளுங்கள்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். காசும் வாங்கவில்லை.

மறுபடி அண்ணாச்சி. லீவரை வைஸில் இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே வைத்து, கடிக்காத அளவுக்கு இறுக்கினார். உருண்டை அரத்தை எடுத்தார். ஏழெட்டு இழுப்பில் அரத்தின் பற்களில் அலுமினியத் தூள் அப்பிக்கொண்டு அது வழுக்க ஆரம்பித்தது. கம்பித் தூரிகையால் தட்டினார். மறுபடி அப்பியது. "சாக்பீஸ் இருந்தால் கொடுங்கள்" என்றார். என் பையில் எப்போதும் நாலைந்து கிடக்கும். ஒன்றை வாங்கி, தேங்காய்த் துருவலில் மஞ்சள் தடவுகிற மாதிரி அரம் முழுக்கத் தேய்த்தார். அதன் பிறகு தூள் ஒட்டவே இல்லை, உதிர்ந்து விழுந்தது. பல்லிடுக்கில் சுண்ணாம்பு முன்னாடியே போய் உட்கார்ந்துவிட்டால் அலுமினியத்துக்கு இடம் இல்லை. இருபது ஆண்டுகள் சாக்பீஸோடு வாழ்ந்தவளுக்கு அவர்தான் அதன் இரண்டாவது பயனைச் சொல்லித் தந்தார்.

இருபது இழுப்புக்கு ஒரு முறை நிறுத்துவார், வளையத்தைக் கால் சுற்றுத் திருப்புவார், நான் வெர்னியரின் உள்தாடைகளை விட்டு அளப்பேன். 22.6. 22.9. 23.3. ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்து வட்டம் முட்டையாகிவிடக் கூடாது என்பதற்காக இரண்டு திசையிலும் அளந்து எழுதிக்கொண்டேன். 23.8 வந்ததும் எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. மாட்டினால், நேர்ப்பகுதியில் வழுக்கிக்கொண்டு போய், முதல் வளைவில் சிக்கி நின்றது. வளைக்கும்போது குழாய் அங்கே கொஞ்சம் நசுங்கி நீள்வட்டமாகியிருக்கும், அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. மறுபடி வைஸ், மறுபடி சாக்பீஸ். 24.1-இல் வளைவைத் தாண்டி நடுப்பகுதிக்குப் போய்ச் சேர்ந்தது. திருகை இறுக்கியதும் பிடித்துக்கொண்டது. கூலி எவ்வளவு என்றேன். நூறு ரூபாயும் மீதி சாக்பீஸ்களும் என்றார்.

இனி பிரேக். இதில் நடந்தது முழுக்க என் தவறு, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

வளைந்த ஹேண்டிலுக்கான பிரேக் லீவர் ஒரு ஜோடி 1,450 ரூபாய்க்கு வாங்கினேன். பழைய பிரேக் கம்பியின் தலை சின்ன உருளை, இந்த லீவருக்கோ பேரிக்காய் வடிவத் தலை வேண்டும். ஒரு முனையில் உருளை, மறுமுனையில் பேரிக்காய் என்று இரண்டு தலையோடு ஒரு கம்பி கிடைக்கிறது, வேண்டாததை வெட்டி எறிந்துவிடலாம். அதை வாங்கினேன், மாட்டினேன், ஸ்டாண்டில் வைத்து அழுத்தினேன், சக்கரம் நின்றது. பிரேக் கட்டைகளை ரிம்மிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தூரத்தில் வைத்தால்தான் நிற்கும் என்பது எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. ரிம் லேசாக ஆடி, கட்டையில் உரசிச் சத்தம் கொடுத்ததால் கம்பியை ஒரு பொடி தளர்த்தினேன்.

மறுநாள் காலை எங்கள் தெரு இறக்கம். கீழே குப்பை வண்டி குறுக்கே நின்றது. லீவரை அழுத்தினேன். அது வந்தது, வந்தது, ஹேண்டிலில் போய் முட்டியது. சைக்கிள் நிற்கவில்லை. இரண்டு காலையும் தரையில் ஊன்றி, செருப்புத் தேயத் தேய, வண்டிக்கு ஒரு முழம் முன்னால் நின்றேன். வண்டியில் இருந்த அம்மா, "பார்த்து வாங்க டீச்சர்" என்றார்.

காரணம் பள்ளிக்கூடப் பாடம். வி-பிரேக்கின் கைகள் நீளமானவை. கட்டை ரிம்மைத் தொட வேண்டுமானால் கம்பியை நிறைய இழுக்க வேண்டும். நேர் ஹேண்டில் லீவர்கள் அதற்கேற்ப அதிகம் இழுக்கும். சாதாரண ரேஸ் லீவர்கள் ஏறக்குறைய பாதிதான் இழுக்கும், ஏனென்றால் அவை வேறு வகை பிரேக்குக்காகச் செய்தவை. நெம்புகோலில் விசையைக் கூட்டினால் தூரம் குறையும், தூரத்தைக் கூட்டினால் விசை குறையும். ஆண்டுதோறும் கரும்பலகையில் படம் போட்டு, ஆதாரப் புள்ளிக்கு முக்கோணம் வரைந்து சொல்லித் தருகிறேன். என் கையில் இருந்த நெம்புகோலை மட்டும் பார்க்கவில்லை.

வி-பிரேக்குக்கென்றே அதிகம் இழுக்கும் வளைந்த ஹேண்டில் லீவர்களும் இருக்கின்றன. டெக்ட்ரோ கம்பெனியின் ஆர்எல் 520 அப்படிப்பட்டது. புதிதாகத் தொடங்குபவர்கள் நேராக அதைத் தேடுவது நல்லது. நான் ஏற்கெனவே 1,450 செலவழித்துவிட்டவள், ஆகவே லீவரை அப்படியே வைத்துக்கொண்டு பிரேக்கை மாற்றினேன். குழந்தைகள் சைக்கிள் சிலவற்றில் குட்டைக் கை வி-பிரேக் வரும். என்னுடையதில் கையின் நீளம் 10.5 சென்டிமீட்டர். அண்ணாச்சி கடையில் உடைந்து கிடந்த ஒரு சின்ன சைக்கிளில் இருந்தது 8.5. கை குட்டையானால் கம்பி இழுக்க வேண்டிய தூரமும் குறையும். முன்னும் பின்னுமாக இரண்டு செட் சேர்க்க ஒரு மாதம் ஆனது. 600 ரூபாய். பழைய பிரேக் மாட்டியிருந்த அதே கொண்டிகளில் அப்படியே உட்கார்ந்தது.

இப்போது நிற்கிறது. நன்றாகவே நிற்கிறது. ஆனால் குட்டைக் கை என்பதால் மேலே போகும் கம்பி டயரை ஒட்டி ஓடுகிறது. பஞ்சர் பார்க்கச் சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் முதலில் காற்றை இறக்க வேண்டும். முன் மட்கார்டுக்கு இடமே இல்லை, கழற்றிவிட்டேன். சாரல் காலத்தில்தான் எனக்கு இந்தக் கொம்பு வேண்டும், சாரல் காலத்தில்தான் மட்கார்டும் வேண்டும். வெள்ளமடம் சேறு ஒரு கோடாக என் நெற்றி வரை வருகிறது.

என் கை சிறியது. ஹேண்டிலின் கீழ் வளைவைப் பிடித்தால் விரல் நுனிதான் லீவரைத் தொட்டது. பிய்ந்த ரப்பர்ச் செருப்பின் வாரிலிருந்து ஓர் ஆப்பு வெட்டி, லீவர் மேலே உடம்போடு சேரும் இடுக்கில் செருகினேன். லீவர் ஒரு சென்டிமீட்டர் உள்ளே வந்து நின்றது. அந்த ஒரு சென்டிமீட்டர் இழுப்புத் தூரத்திலிருந்து கழிகிறது, ஆகவே குட்டைக் கை பிரேக் மாட்டிய பிறகுதான் இதைச் செய்யத் துணிந்தேன். கைப்பிடி நாடா 380 ரூபாய். கீழ் முனையிலிருந்து மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். மேலிருந்து சுற்றினால் கை அழுத்த அழுத்த விளிம்புகள் சுருண்டு பிரியும். முதல் தடவை மேலிருந்துதான் சுற்றினேன், வேறென்ன.

மொத்தம்: ஹேண்டில் 250, ஸ்டெம் 650, லீவர் 1,450, பிரேக் 600, கம்பியும் உறையும் 320, கியர் லீவர் 350, அரம் பிடித்த கூலி 100, நாடா 380. 4,100 ரூபாய். விடைத்தாள் ஸ்டெம்மைச் சேர்த்தால் 4,650.

காற்றில் என்ன ஆனது என்று சொல்லாவிட்டால் அண்ணாச்சியே என்னை மன்னிக்க மாட்டார். ஹேண்டிலின் அகலம் 62-இலிருந்து 40 சென்டிமீட்டராகிவிட்டது. கீழ்ப்பிடியில் குனிந்தால் முதுகு ஏறக்குறைய படுத்துவிடுகிறது, முழங்கை உள்ளே ஒடுங்குகிறது. சென்ற ஆண்டு ஆடியில் காவல்கிணற்றிலிருந்து வீடு திரும்ப 1 மணி 50 நிமிடம் வரை எடுத்த நாட்கள் உண்டு. இந்த ஆடியில் நான்கு ஞாயிறுகளில் 1 மணி 30 முதல் 1 மணி 36 வரை. காற்று எல்லா நாளும் ஒரே வேகத்தில் அடிப்பதில்லை, எனவே இதைச் சோதனை முடிவு என்று எந்த மாணவன் எழுதினாலும் நான் மதிப்பெண் தர மாட்டேன். ஆனால் ஆரல்வாய்மொழி ரயில் நிலையம் தாண்டியதும் வழக்கமாக இறங்கித் தள்ளும் இடத்தில் இந்த ஆண்டு ஒரு முறையும் இறங்கவில்லை. போகும்போது மட்டும் இடிக்கிறது. முன்னால் 34 பல், பின்னால் 14. நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தாலும் மணிக்கு 25 கிலோமீட்டர்தான். பின்காற்றில் சைக்கிள் அதற்கு மேல் போய்விடும், பெடல் காலியாகச் சுற்றும். நான் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு காற்றாலைகளை எண்ணுகிறேன்.

பயமான விஷயம் ஒன்று இருக்கிறது. கியர் லீவர் ஹேண்டிலின் நடுவில் ஸ்டெம்மை ஒட்டி இருக்கிறது. கியர் மாற்ற ஒரு கையைப் பிரேக்கிலிருந்து எடுத்துவிட்டு நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். போன ஞாயிறு முப்பந்தல் இசக்கியம்மன் கோவிலைத் தாண்டியதும் அப்படி ஒரு கையை எடுத்தேன். அதே நொடியில் ஒரு லாரி பக்கத்தில் கடந்தது. அது மறைத்திருந்த காற்று, அது போனதும் மொத்தமாகப் பக்கவாட்டில் வந்து மோதியது. சைக்கிள் சாலையோர மண்ணில் இறங்கி, இரண்டு முறை ஆடி, மறுபடி ஏறியது. கியர் மாறியிருந்தது, எப்படி என்று தெரியவில்லை.

ஹேண்டிலின் முனைக்குள்ளேயே செருகும் கியர் லீவர் ஒரு வகை உண்டு. கை எடுக்கவே வேண்டாம். நேற்று நாடாவின் முனையைப் பிரித்து, குழாயின் உள்விட்டத்தை அளந்து எழுதிவைத்தேன். அண்ணாச்சியிடம் இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமை செய்முறை வகுப்பு தொடங்குகிறது, வெர்னியரைத் திருப்பி வைக்க வேண்டும். உள்தாடை இடுக்கில் அலுமினியத் தூள் இருக்கிறது, பழைய பல் துலக்கியால் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.